தூரமோ என்று மட்டும் கேட்டோம்

என் கணவர் முப்பது வருடமாகப் பனியைத் திட்டிய மனிதர். மல்வேர்னில் எங்கள் வீட்டுக்கு முன்னால், நகரசபையின் பனி வண்டி தெருவைத் துப்புரவாக்கிக்கொண்டு போகும்போது, கார் விடும் பாதையின் வாசலில் ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும். வேலைக்குப் போகிற அவசரத்தில் அதை வெட்டி எறிந்துவிட்டு உள்ளே வந்து, "மனுசர் சீவிக்கிற நாடோ இது?" என்று சப்பாத்தை உதறுவார். அதே மனிதர் ஐம்பத்தெட்டாவது வயதில் விமானம் ஏறிப் போய், மலையில் கிடக்கிற பனியில் நடந்துவிட்டு வரத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. வாசலில் கிடக்கிற பனி இலவசம்தானே, அதற்குள் நடந்தால் என்ன என்று கேட்டேன். அது வேறு பனி என்றார்.

அவரோடு சேர்த்து நாலு பேர். எல்லோரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ரொறன்ரோவுக்கு வந்தவர்கள். ஒரே காலத்தில் சீனி வருத்தமும் வந்தவர்கள். டொக்டர் நடக்கச் சொன்னதால் சனிக்கிழமைகளில் றூஜ் பள்ளத்தாக்கில் நடந்தார்கள். ஒரு மாரியில், பனி கொட்டுகிற காலத்தில், காலில் கட்டுகிற அகலமான ஸ்னோஷூ வாங்கினார்கள். அடுத்த மாரியில் கல்கரிக்குப் பறந்து, அங்கே வாடகைக்குக் கார் எடுத்து, ராக்கி மலைகளுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது நாலு பேருடைய முகமும் கறுத்து, கறுப்புக் கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்திருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்ச் மாதமும் ஒரு கிழமை அவர்கள் அங்கேதான்.

இரண்டாவது முறை போவதற்கு முன்னர் பனிச்சரிவு பற்றிய வகுப்பொன்றுக்குப் போகவேண்டும் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். மலையில் யாரோ எச்சரித்திருக்க வேண்டும். வகுப்பு நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு சமூக நிலையத்தில் நடந்தது. கடைசி வகுப்புக்கு, வீட்டில் இருக்கப்போகிறவர்களும் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் நாலு மனைவிமாரும் போனோம். ஒருவர் ரோல்ஸ் சுட்டுக் கொண்டுவந்தார்.

படிப்பித்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். மெலிந்த உடம்பு. மலையில் வாழ்க்கையின் பாதியைக் கழித்தவர் போலப் பேசினார். மலையில் பனி ஒரே குவியலாகக் கிடப்பதில்லை, அடுக்கடுக்காக, படைபடையாகக் கிடக்கிறது என்றார். ஒவ்வொரு முறை பனி கொட்டும்போதும் ஒரு படை. நடுவில் சில நாள் வானம் வெளித்துக் கடுங்குளிர் பிடித்தால், மேலே இருக்கிற பனி சீனி போலப் பொருபொருத்துவிடும். அதன்மேல் அடுத்த பனி கொட்டி மூடிவிடும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. ஆனால் உள்ளே அந்தச் சீனிப் படை எதோடும் ஒட்டாமல் கிழமைக்கணக்கில் கிடக்கும். சரிவான இடத்தில் காற்று இன்னும் கொஞ்சம் பனியைக் கொண்டுவந்து ஏற்றினால், அல்லது ஒரு மனிதர் கால் வைத்தால், அந்தப் படையில் அறுந்து மேலே உள்ளது முழுவதும் பலகையாக வழுக்கிக்கொண்டு வரும். எனக்கு உடனே விளங்கிவிட்டது. குழற்புட்டு உடைவதும் தேங்காய்ப்பூப் போட்ட இடத்தில்தான்.

அகப்படுகிறவரைக் கூட இருப்பவர்கள்தான் தோண்டி எடுக்கவேண்டும், அதுவும் நிமிடக் கணக்கில், என்றார். அதற்காக ஒவ்வொருவரும் உடம்பில் ஒரு சிறு கருவி கட்டியிருப்பார்கள். அது வானொலி அலை அனுப்பிக்கொண்டே இருக்கும். பனியில் குத்திப் பார்க்க நீளக் கம்பி, அள்ளச் சவள். ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகத்தான் கடக்கவேண்டும். எங்கள் ஆண்கள் நாலு பேரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். வீட்டில் இருப்பவர்களுடைய வேலை சுலபம் என்றார். காலையில் அவர்கள் புறப்படும்போது கேளுங்கள்: எங்கே போகிறீர்கள், எந்த வழியால், எப்போது திரும்புவீர்கள். அவ்வளவுதான்.

நாங்கள் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

இதை வாசிக்கிறவர்களில் யாழ்ப்பாணத்தார் இருந்தால் அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிக்கிட்டு நிற்கிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராது. அறியவேண்டியிருந்தால் "தூரமோ?" என்று கேட்கலாம். அதற்கும் "இல்லை, கிட்டத்தான்" என்றுதான் பதில் வரும். என் கணவர் கனடாவுக்கு வருவதற்காக ஊரிலிருந்து புறப்பட்ட நாளில் சந்தியில் நின்ற யாரோ தூரமோ என்று கேட்டார்களாம். கிட்டத்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். தவறிப்போய் யாராவது எங்கே என்று கேட்டுவிட்டால், போகிறவர் திரும்பி வந்து, இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிடவேண்டும்.

நாங்கள் வேதக்காரர். சகுனம் பார்ப்பது பாவம் என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொல்வார். ஆனால் பூசை முடிந்து அந்தச் சுவாமியார் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளிக்கிடும்போது எங்கே போகிறீர்கள் என்று கேட்ட கிறிஸ்தவரை நான் கண்டதில்லை. மகள் ஸ்காபரோவில் பிறந்தவள். நாலு வயதில் தகப்பன் வாசலில் சப்பாத்துப் போடும்போதெல்லாம், "அப்பா, வேர் ஆர் யூ கோயிங்?" என்று ஓடிவருவாள். இரண்டு மூன்று தரம் வாயில் அடி வாங்கிய பிறகு நிறுத்திக்கொண்டாள்.

வகுப்பிலிருந்து திரும்பும்போது காருக்குள் நாங்கள் வழி கண்டுபிடித்தோம். காலையில் கேட்டால்தானே பிழை. முதல் நாள் பின்னேரம், அவர்கள் ஹோட்டல் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரெலிபோனில் கேட்டுவிட்டால் யாருக்கும் பாதகமில்லை. படிப்பித்த பெண்ணுக்கும் நாங்கள் துரோகம் செய்யவில்லை, முன்னோருக்கும் செய்யவில்லை. இந்த ஏற்பாடு இரண்டு மாரி நன்றாகவே நடந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. அஜின்கோர்ட்டில் ஒரு பல் டொக்டரிடம் முன்மேசையில் எனக்கு வேலை. நோயாளிகளுக்கு நடுவே நேரம் கிடைத்தால், அவர்கள் மலையில் நிற்கிற கிழமையில், அந்த இடத்துக்கான பனிச்சரிவு அறிவித்தலைக் கணினியில் பார்ப்பேன். மரமே முளைக்காத உச்சிக்கு ஒரு அளவு, மரங்கள் முடிகிற எல்லைக்கு ஒரு அளவு, அதற்குக் கீழே காட்டுக்கு ஒரு அளவு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி. முதற்படி பச்சை, இரண்டாவது மஞ்சள், மூன்றாவது செம்மஞ்சள், பிறகு சிவப்பு, கறுப்பு. சிவப்பைக் கண்டால் எல்லோரும் வீட்டில் இருந்துவிடுவார்கள், மூன்றாவது படிதான் ஆட்களை ஏமாற்றும் என்று அந்தப் பெண் சொன்னது எனக்கு ஞாபகம். நடுவில் நிற்பதால் அது பெரிய ஆபத்தாகத் தெரியாது. போகலாமா என்று கேட்டால் போகலாம் என்பது போலவும் இருக்கும். எங்கள் தெருவில் எவ்வளவு பனி கொட்டும் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. யன்னலைத் திறந்தால் தெரியும். கண்ணால் காணாத மலையில் எந்தத் திசைச் சரிவில் காற்று பனியை ஏற்றியிருக்கிறது என்பது மட்டும் எனக்கு மனப்பாடம்.

மூன்றாவது மாரியில் ஒரு சனிக்கிழமை. முதல் நாள் பின்னேரம் எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். ஆற்றோரமாகப் போகிற ஒரு பாதை, முடிவில் ஒரு குடில், பின்னேரத்துக்கு முன் காருக்குத் திரும்பிவிடுவோம் என்றார். நானும் கேட்டுவைத்துக்கொண்டேன்.

விடிய அவர் மறுபடி ரெலிபோன் எடுத்தார். நான் வேலைக்கு வந்துவிட்டேன். அங்கே இரவு முழுவதும் காற்றும் பனியுமாம். காலை அறிவித்தலில் மர எல்லையில் ஒரு படி ஏறியிருந்தது. அந்த ஆற்றோரப் பாதைக்கு மேலே வெட்டவெளிச் சரிவுகள் இருக்கின்றன.

"அந்த இடம் இண்டைக்குச் சரிவராது. நாங்கள் வேற இடம் போறம்," என்றார்.

அவர் செய்தது முழுச் சரி. வகுப்பில் சொல்லித் தந்ததே அதுதான். ஆனால் ரெலிபோனுக்குள் ஜக்கெற்றின் ஸிப் இழுக்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்து கிடந்தது. பின்னால் ஒருவர், "கெதியா வாங்கோ அண்ணை, கார் சூடாகீட்டுது," என்று கூப்பிட்டார். மனிதர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசற்படியில் நிற்கிறார் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"தூரமோ?" என்று கேட்டேன்.

"இல்லை, கிட்டத்தான்."

"சரி. கவனமாப் போட்டு வாங்கோ."

இப்படி ஒரு முட்டாள்தனம் உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். பாதை தொடங்குகிற இடத்தில் இறங்கியபின் கேட்டிருக்கலாம், அப்போது பயணம் தொடங்கிவிட்டது, பிழையில்லை. ஆனால் அங்கே சிக்னல் கிடையாது. ஹோட்டலில் கேட்கக்கூடாது, இறங்கிய இடத்தில் கேட்க முடியாது. அவராகச் சொல்லியிருக்கலாம்தான். கேளாத கேள்விக்குப் பதில் சொல்வது எங்கள் ஆட்களுக்கு வராது.

மத்தியானம் கிளினிக் பூட்டியதும் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சமைத்தேன். பின்னேரம் அவர் எடுக்கவேண்டிய நேரம் போனது. ரொறன்ரோவில் இரண்டு மணித்தியாலம் முந்தித்தான் இருட்டும், அங்கே இன்னும் வெயில் இருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். மேலும் ஒரு மணித்தியாலம் போனது. மீன் குழம்பை மறுபடி சூடாக்கினேன். அது தேவையில்லாத வேலை.

அன்று மலைக்குப் போனவர்கள் மூன்று பேர்தான். நாலாவது ஆளுக்கு முழங்கால் வீங்கி, ஹோட்டலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் செய்மதி மூலம் செய்தி அனுப்புகிற கருவி ஒன்றை நாலு பேருக்குமாக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அது அவருடைய பைக்குள் இருந்தது. பையும் முழங்காலோடு ஹோட்டலில் தங்கிவிட்டது. அவருக்கு எடுத்தேன்.

"தம்பி, அவை எங்கை போனவை?"

"தெரியாது அக்கா."

"நீங்கள் அறைக்குள்ளைதானே கிடந்தனீங்கள்?"

"ஓம். அவை வெளிக்கிட்டு நிக்கேக்கை நான் எப்பிடி அக்கா கேக்கிறது? தூரமோ எண்டு கேட்டனான். கிட்டத்தான் எண்டவை."

அவரை நான் ஏசவில்லை. எங்கள் ஆள்தானே.

மகள் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இருபத்தைந்து வயது. முழுவதையும் கேட்டாள். "அம்மா, அவர் பிளான் சேஞ்ச் பண்ணினது தெரியும், பட் நீங்கள் வேர் எண்டு கேக்கேல்லையா? லைக், சீரியஸ்லி?" என்றாள். நான் அடுப்பை நிறுத்தினேன். "இதுக்குத்தானே எனக்கு அடிச்சனீங்கள்," என்றாள். கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. கணக்குச் சரிபார்ப்பது போலச் சொன்னாள். பிறகு அந்த மலைகள் இருக்கிற தேசியப் பூங்காவின் அவசர இலக்கத்தைத் தேடி எடுத்து, அழுத்தி, ரெலிபோனை என் கையில் தந்தாள்.

மறுமுனையில் ஒரு இளைஞர். அமைதியான குரல். எத்தனை பேர், என்ன வயது, என்ன கருவிகள் வைத்திருக்கிறார்கள், எப்போது திரும்பியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். மர எல்லையில் இன்று மூன்றாவது படி என்றுகூடச் சொன்னேன். ஓம் என்றார். பிறகு, எங்கே போனார்கள் என்று கேட்டார்.

"தெரியாது," என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஆனால் அந்தச் சொல் தடங்கல் இல்லாமல், பாடமாக்கியது போல வாயிலிருந்து வந்தது. வந்த பிறகுதான் எனக்கு விறைத்தது. அந்தச் சொல்லை அதே தொனியில் இன்னொருவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது என் அண்ணா ஒரு காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். போர் நடந்த அந்தக் காலத்தில் கேட்காமல் விடுவதற்குச் சகுனம் மட்டும் காரணமாக இருக்கவில்லை. ஆமி வந்து கேட்டால், அறியாதவர்களால் காட்டிக்கொடுக்க முடியாது. அடித்தாலும் முடியாது. அதனால் எந்த வீட்டிலும் ஆண்பிள்ளைகளிடம் எங்கே என்று கேட்கமாட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஆமி வந்தது. உன் மகன் எங்கே போனான் என்று படலையில் நின்று கேட்டார்கள். "தெரியாது ஐயா," என்றார் அம்மா. பொய் இல்லாததால் குரல் நடுங்கவில்லை. அவர்கள் போய்விட்டார்கள். அம்மாவுக்கு அன்று தன்மேல் பெருமைகூட இருந்திருக்கும்.

அண்ணா திரும்பி வரவில்லை. பிறகு அம்மா தேடத் தொடங்கினார். முகாம் முகாமாக, கந்தோர் கந்தோராக. ஒவ்வொரு மேசையிலும் முதற் கேள்வி அதுதான்: அன்றைக்கு எங்கே போனார்? எந்த ஊர்ப்பக்கம்? அம்மாவிடம் ஒரே பதில். தெரியாது என்றதும் எழுதுகிறவருடைய பேனை நின்றுவிடும். தெற்கே போனாரா வடக்கே போனாரா என்பதுகூடத் தெரியாத ஆளை எங்கே தேடுவது? அம்மா சாகும்வரை தேடினார். இடமே இல்லாமல் தேடினார்.

ரெலிபோனில் அந்த இளைஞர் காத்திருந்தார். கார் பற்றிக் கேட்டார். முழங்கால்காரரிடம் கேட்டுச் சொன்னேன்: சிவப்பு நிறம், கூரையில் பெட்டி. இடம் பற்றி ஏதாவது பேசினார்களா, ஒரு சொல்லாவது, என்று மறுபடி கேட்டார்.

"கிட்டத்தான் என்று சொன்னார்," என்றேன்.

நல்லது, அது உதவும் என்றார்.

"இல்லை," என்றேன். "அது உதவாது. எங்கே போனாலும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்."

மகள் என்னைப் பார்த்தாள். அந்த இளைஞர், நெடுஞ்சாலையில் உள்ள ஒவ்வொரு கார் தரிப்பிடமாகப் பார்க்க ஆள் அனுப்புகிறேன் என்றார். நான் ஒரு விஷயம் கேட்டேன். அவர்கள் பனிக்குக் கீழே இருந்தால், நீங்கள் போய்ச் சேரும்போது நேரம் பிந்தியிருக்கும் அல்லவா? பொய் சொல்லக்கூடிய ஆள் இல்லை அவர். ஓம், பிந்தியிருக்கும், ஆனால் கண்டுபிடிக்க முடியும் என்றார். உயிரோடு எடுக்க முடியாவிட்டால் கண்டுபிடித்து என்ன பயன் என்று சிலர் நினைக்கலாம். என் அம்மாவிடம் கேட்டிருந்தால், கண்டுபிடிப்பதற்கும் ஒன்றுமே கிடைக்காததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லியிருப்பார்.

ஒரு மணித்தியாலம் கழித்துக் காரைக் கண்டுபிடித்தார்கள். கிட்ட இல்லை. ஹோட்டல் இருந்த ஊரிலிருந்து நல்ல தூரம். அந்தத் தரிப்பிடத்தில் மூன்று பாதைகள் தொடங்குகின்றன. எதில் போனார்கள் என்று தெரியாது. வெளிச்சம் குறைகிறது என்றும், புதிதாகப் பனி சரிந்த இடங்கள் தெரிகின்றன என்றும் அந்த இளைஞர் சொன்னார். நான் நன்றி சொல்லி வைத்தேன். செபமாலையை எடுத்தேன். எந்தத் தேவரகசியத்தில், எத்தனையாவது மணியில் நிற்கிறேன் என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் இருந்து அந்த மூன்று பாதைகளையும் வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பயந்தேன் என்று எழுதினால் போதாது. அம்மா இருந்த கதிரையில் என்னை இருத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். இனி என் வாழ்நாள் முழுவதும், கேட்பவர்களுக்கெல்லாம் மூன்று பாதை என்று சொல்லிக்கொண்டிருக்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் கடந்தபின் ரெலிபோன் அடித்தது. அவர்தான். காரடியில் நிற்கிற பூங்காக் காவலருடைய செய்மதி ரெலிபோனில் எடுத்தார்.

"நாங்கள் வந்திட்டம். ஒண்டுமில்லை. நீர் ஏன் இவையளுக்கெல்லாம் எடுத்தனீர்?"

ரெலிபோனை மகளிடம் கொடுத்துவிட்டேன். பயம் போன கையோடு எனக்குக் கோபம் வந்தது. அவரோடு அல்ல. செத்துப்போன என் அம்மாவோடு. அது நியாயமில்லை என்று தெரியும். அண்ணா வெளிக்கிட்ட அன்று அவர் கேட்டிருந்தால், பிறகு வந்த ஆமி அவரை அடித்தே சொல்ல வைத்திருக்கும். ஆனாலும் கோபித்தேன். கொஞ்ச நேரம் குசினியில் நின்று, ஏன் கேக்கேல்லை, ஏன் கேக்கேல்லை என்று குழம்புச் சட்டியைப் பார்த்துச் சொல்லி அழுதேன்.

நடந்தது என்னவென்றால், காலையில் அவர்கள் ஒரு சரிவின் அடிவாரத்தை ஒவ்வொருவராகக் கடந்து போயிருக்கிறார்கள். அப்போது அது இறுகிக் கிடந்தது. மறுபக்கம் மரங்களுக்குள் இருந்து, ஸ்காபரோவிலிருந்து கொண்டுபோன, கல்லாக உறைந்த, மீன் வைத்துச் சுட்ட பணிஸைக் கடித்துத் தின்றார்கள். மத்தியானம் வெயில் ஏறியது. திரும்பி வரும்போது ஒருவர் கால் வைத்த இடத்தில் நிலம் பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம் கேட்டதாம். உள்ளே ஒரு படை அமர்கிற சத்தம். வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்து அப்படியே நின்றுவிட்டார்கள். சரிவைக் கடக்காமல், அடர்ந்த காட்டுக்குள்ளால், இடுப்பளவு பனியில், பெரிய சுற்றுச் சுற்றி வந்ததில்தான் நேரம் போனது.

வீட்டுக்கு வந்தபின் ஒரு படம் காட்டினார். சுற்றுப் பாதையில் ஒரு மேட்டிலிருந்து கீழே எடுத்தது. காலையில் கடந்த அந்தச் சரிவின் அடிவாரம். மூன்று பேரின் காலடிகள் ஒரே வரியாக வருகின்றன. நடுவில், குளிர்சாதனப் பெட்டி அளவு பனிக்கட்டிகள் கும்பலாக விழுந்து கிடக்கின்றன. வரி அதற்குள் போகிறது. மறுபக்கத்தால் மறுபடி வெளியே வருகிறது. அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் விழுந்திருக்கவேண்டும். படத்தை எனக்கு அனுப்பவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகு அவர் போகமாட்டார் என்று நினைத்தேன். போகவேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அந்த மனிதர் எதற்கும் இவ்வளவு சந்தோசப்பட்டு நான் கண்டதில்லை. அடுத்த மார்ச் மாதம் பயணப் பை மறுபடி வாசலுக்கு வந்தது.

காலை. வெளியே விமான நிலையத்துக்குப் போகிற வான் வண்டி நின்றது. உள்ளே மற்ற மூன்று பேரும். முழங்கால்காரரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். என் கணவர் சப்பாத்துக் கயிறு கட்டி, தொப்பி போட்டு, பையைத் தூக்கிவிட்டார். மகள் படிக்கட்டில் கோப்பிக் கப்போடு நின்றாள். கதவு திறந்து கிடந்தது. குளிர் உள்ளே வந்தது. அவர் ஒரு கால் வெளியே வைத்தார்.

"எங்கை போறியள்?" என்று கேட்டேன்.

வானுக்குள் கதை நின்றது. முழங்கால்காரர் யன்னலைப் பார்க்காமல் மற்றப் பக்கம் பார்த்தார். என் கணவர் நின்ற நிலையில் நின்றார். முகம் வெளிறிவிட்டது. பனிச்சரிவின் படத்தைக் காட்டியபோதுகூட அவர் முகம் அப்படி இருக்கவில்லை.

"இஞ்சேரும், என்ன செய்யிறீர்? வெளிக்கிட்டு நிக்கிறன்."

"தெரியும். எங்கை போறியள்?"

அவர் வானுக்குள் இருந்தவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு காலை உள்ளே எடுத்து, பையை இறக்கி, படிக்கட்டின் கடைசிப் படியில் இருந்தார். மகள் குசினிக்குப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஒரு மிடறு குடித்தார். பிறகு சொன்னார். முதல் நாள் எந்தப் பள்ளத்தாக்கு, பாதை எந்தப் பாலத்தடியில் தொடங்குகிறது, எந்தப் பக்கத்துச் சரிவுக்குக் கீழே போகமாட்டார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள். இரண்டாம் நாள் எங்கே. மூன்றாம் நாள் எங்கே.

"விடிய அது சரிவராட்டி?"

இன்னொரு இடம் சொன்னார்.

"அதுவும் சரிவராட்டி?"

"அப்ப ஹோட்டல்லை கிடப்பம்."

"இடம் மாறினா?"

"விடிய எடுப்பன். நீர் கேளும்."

"சப்பாத்தோடை நிண்டாலும் கேப்பன்."

"ஓம். கேளும்."

எழும்பிப் பையைத் தூக்கினார். வானுக்குள் ஏறியதும் முழங்கால்காரர் கண்ணாடியை இறக்கி, "அக்கா, செய்மதிக் கருவி இந்தமுறை அண்ணையின்ரை பைக்குள்ளை," என்றார். தலையாட்டினேன்.

வான் தெரு முனையில் திரும்பும்வரை நின்றேன். நகரசபை வண்டி கட்டிவிட்டுப் போன வரம்பு வாசலில் அப்படியே கிடந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்கின் பெயரை வாய்க்குள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். ஆங்கிலப் பெயர், என் நாக்கில் சரியாக வரவில்லை. ஆனாலும் அது ஒரு இடத்தின் பெயர். அண்ணாவைத் தேடிய அத்தனை வருடத்திலும் அம்மாவிடம் அப்படி ஒரு பெயர் இருந்ததில்லை.